கூடைக்கு ஒரு துணை அமைச்சர்

சின்னாண்டிக்குப்பம்,
மாமல்லபுரம் வழி.
ஜூலை 9

மாண்புமிகு போக்குவரத்துத் துணை அமைச்சர் ரெபேக்காள் அவர்களுக்கு,

மீன் விற்கும் பெண்கள் சங்கத் தலைவி ஆதியம்மாள் எழுதுவது.

தாங்கள் பதவி ஏற்றதைப் பார்க்க நானும் சங்கத்து வேண்டாவும் ஷீலாவும் புதுப்புடவை கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தோம். ஒரு வஞ்சரத்தை ஐஸில் வைத்துக் கொண்டுவந்தோம். பாஸ் இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எதிரில் இருந்த டீக்கடை டிவியில் தாங்கள் உறுதிமொழி எடுப்பதைப் பார்த்து மூன்று பேரும் கைதட்டினோம். மீனை டீக்கடைக்காரருக்கே கொடுத்துவிட்டு ஊர் திரும்பினோம். அவர் தங்களை வாழ்த்தினார்.

அன்றிலிருந்து போன் செய்கிறேன். வாசுதேவன் என்று தங்கள் உதவியாளர் எடுக்கிறார். "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்கிறார். காலையிலும் மீட்டிங், மாலையிலும் மீட்டிங். எங்கள் ஊர் ஏசுதாஸ் அண்ணன்தான் வழி சொன்னார். "கடுதாசி போடு ஆதி. அத்த அவங்க தூக்கிப் போட முடியாது. நம்பர் போட்டு வெச்சே ஆவணும்."

விஷயம் தங்களுக்குத் தெரிந்ததுதான். தேர்தலில் தங்களுக்காகக் குப்பம் குப்பமாகப் போய் நான் ஒரே ஒரு வாக்குறுதிதான் கொடுத்தேன். நம் நர்சம்மா ஜெயித்தால் நம் மீன்கூடை பஸ் ஏறும் என்றேன். இப்போது பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கூடைக்கு இடமும் இல்லை. நேற்று பூஞ்சேரி கூட்டுரோட்டில் வேண்டாவை இறக்கிவிட்டிருக்கிறார்கள். "நாத்தம் தாங்கல, எறங்கும்மா" என்றாராம் கண்டக்டர். "மீனு மல்லிப்பூவாட்டமா மணக்கும்?" என்று வேண்டா கேட்டிருக்கிறாள். பஸ் போய்விட்டது. செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய சங்கரா மீன் வெயிலில் கெட்டது.

சாயங்காலம் எல்லாரும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "உன் சிநேகிதிதான பஸ் மந்திரி? இன்னா பண்ணிகினு கீது?" என்று கேட்டார்கள். கூடை பஸ் ஏறாவிட்டால் என்னைத் தலைவி பதவியிலிருந்து இறக்கிவிடுவார்கள். வேண்டாவை இறக்கியதைவிட வேகமாக இறக்குவார்கள்.

சமுதாயத்தின் தேவைக்காகப் புதிதாகத் துணை அமைச்சர்களைப் போட்டிருப்பதாக டிவியில் சொன்னார்கள். எங்கள் சமுதாயத்துக்கு ஒரே ஒரு தேவைதான்.

இப்படிக்கு,
ஆதியம்மாள்

*

சென்னை,
ஜூலை 16

அன்புள்ள ஆதி அக்கா,

உங்கள் கடிதத்துக்கு நம்பர் போட்டுத்தான் என் மேசையில் வைத்தார்கள். 'மாண்புமிகு', 'தாங்கள்' எல்லாம் வருகிறது என்றால் கோபம் எந்த அளவில் இருக்கிறது என்று தெரிகிறது. உங்கள் ஊருக்கு நர்ஸாக வந்து இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னை 'தாங்கள்' என்றதில்லை.

எனக்குக் கிடைத்தது இரண்டு பாஸ். ஒன்று என் வீட்டுக்காரர் பூபாலனுக்கு, ஒன்று மகன் ஜோஷ்வாவுக்கு. நீங்கள் வாசல்வரை வந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பூபாலனை டீக்கடையில் உட்கார வைத்திருப்பேன். வஞ்சரமும் வீடு வந்து சேர்ந்திருக்கும்.

என் நிலைமையைச் சொல்கிறேன். சட்டமன்றத்தில் நூறு பேருக்குப் பதினைந்து பேர் என்ற கணக்குக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. அந்த எல்லைக்குள் காலியாக இருந்த இடங்களைத்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள். முதலமைச்சர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னது இது: "பெரிய துறையில் சின்னத் தேவை அமைச்சர் மேசைக்கு வருவதே இல்லை. அதை எடுத்து வருவதற்குத்தான் நீங்கள்." கேட்கும்போது நன்றாக இருந்தது.

வந்து பார்த்தால் அறை இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, வாசுதேவன் இருக்கிறார். கோப்புதான் இல்லை. செயலாளரிடமிருந்து கோப்பு நேராகத் துறை அமைச்சருக்குப் போகிறது. எனக்கு இன்ன வேலை என்று ஓர் உத்தரவு வர வேண்டும். அது வரும்வரை நான் எதிலும் கையெழுத்துப் போட முடியாது. காலையில் வந்து உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறேன். அதில், இத்தனை அமைச்சர்கள் எதற்கு என்று தலையங்கம் எழுதியிருக்கிறார்கள். மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

வாசுதேவன் சொல்லும் மீட்டிங் உண்மையில் நடப்பதில்லை. அமைச்சர் சும்மா இருக்கிறார் என்று சொல்ல அவருக்குக் கூச்சம்.

கூடையை நான் மறக்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

அன்புடன்,
ரெபேக்காள்

*

சின்னாண்டிக்குப்பம்,
ஜூலை 28

ரெபேக்கா,

உன் கடிதத்தை வலைக்கொட்டகையில் சங்கக் கூட்டத்தில் உரக்கப் படித்தேன். படிக்கக் கூடாது என்று நீ எழுதவில்லை. வேலையில்லாமல் மந்திரி உட்கார்ந்திருக்கிறாள் என்ற இடத்தில் எல்லாரும் சிரித்ததில் பாதிக் கோபம் போய்விட்டது. "பாவம்டி, நம்ம ஊட்டுக்காரனுங்க மாதிரியே குந்திகினு கீது" என்றாள் ஷீலா.

பிறகு அவளே ஒன்று சொன்னாள். சங்கத்தில் ஐஸ் வாங்குவதும் நான், மார்க்கெட்டில் இடம் பிடிப்பதும் நான், பஸ் கண்டக்டரோடு சண்டை போடுவதும் நான். "ஆதிக்கா ஒண்டியா எல்லாத்தையும் பாக்குறதாலதான் எதுவும் ஆவல. கவர்மெண்ட்டு மாதிரி நாமளும் துணை மந்திரி போட்டா இன்னா?" என்றாள்.

எனக்கும் சரியென்று பட்டது. அங்கேயே முடிவு செய்தோம். ஷீலா ஐஸ் துணை அமைச்சர். வேண்டா பஸ் துணை அமைச்சர். மார்க்கெட் துணை அமைச்சர் பதவிக்குப் போட்டி வந்து, அதைக் காலியாக வைத்திருக்கிறோம். வீட்டுக்காரர்கள் குடியைக் கவனிக்க ஒரு துறை வேண்டும் என்றார்கள். அதற்கு முழு அமைச்சரே தேவைப்படும் என்று ஒத்திவைத்தேன்.

எங்கள் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். பதவி எதுவானாலும் கரையில் கூவினால்தான் செல்லும். கூவிவிட்டால் அடுத்த ஆடித் திருவிழா வரை யாராலும் எடுக்க முடியாது. என் வீட்டுக்காரர் காத்தவராயன் ஒவ்வொரு படகின் முன்னாலும் நின்று கூவினார். "வேண்டா இன்னிலேர்ந்து பஸ் துணை அமைச்சரு! எல்லாரும் கேட்டுக்கங்க!" படகில் வலை பிரித்துக்கொண்டிருந்த அரசு என்கிற வாலிபன், "அமைச்சரம்மா, எனுக்கு ஒரு ஏசி பஸ் வுடு" என்றான். "மொதல்ல குளிச்சிட்டு வா மச்சான்" என்றாள் வேண்டா. பதவி வந்ததும் அவளுக்குக் குரல் மாறிவிட்டது.

கூடை இன்னும் ஷேர் ஆட்டோவில்தான் போகிறது. ஆட்டோக்காரன் மீனைவிட விலை கேட்கிறான். சீக்கிரம் பார்.

ஆதி

*

சென்னை,
ஆகஸ்ட் 5

அன்புள்ள ஆதி அக்கா,

நானும் உங்கள் கடிதத்தை வாசுதேவனுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எப்போதும் சிரிக்காத மனிதர். ஏசி பஸ் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

என் வேலை உத்தரவு வந்துவிட்டது. நிழற்குடை, பஸ் நிலையத்துக் குடிநீர், கழிப்பறை, பஸ்ஸுக்குள் இருக்கும் இருக்கைகள், கைப்பிடிகள். இவ்வளவுதான் என் பொறுப்பு. சுமை ஏற்றுவது வேறு பிரிவு. உங்கள் கூடைக்காக நான் எழுதிய குறிப்பை அந்தப் பிரிவுக்கு அனுப்பினேன். அவர்கள் சுகாதாரத் துறையின் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்து மீன்வளத் துறைக்குப் போயிருக்கிறது. தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் கடலோரம் முழுக்க நான் சுற்றியதைவிட அந்தக் கோப்பு அதிகம் சுற்றுகிறது.

ஆனால் விடமாட்டேன். வேண்டா அமைச்சருக்கு என் வணக்கம்.

ரெபேக்காள்

*

சின்னாண்டிக்குப்பம்,
ஆகஸ்ட் 19

என் ராசாத்தி ரெபேக்கா,

நீ நல்லா இருக்கணும். உன் பிள்ளை நல்லா இருக்கணும். கூடை பஸ் ஏறிவிட்டது!

கோப்பு சுற்றுகிறது என்று எழுதிவிட்டு, சத்தம் போடாமல் உத்தரவு போட்டிருக்கிறாயே. அழுத்தக்காரி.

நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை நானும் வேண்டாவும் ஷீலாவும் மனு கொடுக்க டிப்போவுக்குப் போனோம். கிளை மேலாளர் பெயர் அப்பாசாமி. தலை நிமிராமல், "வெச்சிட்டுப் போங்கம்மா" என்றார். எனக்கு ரோஷம் வந்தது. "மனு என்னுது இல்ல சார். இவங்கதான் பஸ் துணை அமைச்சரு. பேரு வேண்டா. இவங்க பேசுவாங்க" என்றேன்.

மனிதர் எழுந்து நின்றுவிட்டார்! நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. "மேடம், போன்ல சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றார். வேண்டா கொஞ்சமும் அசரவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, "பின்னாடி நீட்டு சீட்ட கழட்டுங்க. கீழ ரப்பர் போடுங்க. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்புலதான் மீன் கொண்டாருவோம், தண்ணி சொட்டாது. எங்க ஜனம் கம்பியப் புடிச்சி நின்னுகினு வரும்" என்றாள். அவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். "வேற எதாவது, மேடம்?" என்றார். "கண்டக்டரு கொஞ்சம் சிரிச்ச மூஞ்சா இருக்கணும்" என்றாள்.

மறுநாள் விடியற்காலை வந்த முதல் பஸ்ஸில் பின்சீட் இல்லை. ரப்பர் விரித்திருந்தார்கள். கார்த்தி என்று ஒரு கண்டக்டர், உண்மையிலேயே சிரித்த முகம். வேண்டாவின் டப்பைத் தானே தூக்கி ஏற்றினான். அவள் அழுதுவிட்டாள். நான் அழவில்லை. கடல்காற்றில் கண்ணில் தண்ணீர் வந்தது.

செங்கல்பட்டு மார்க்கெட்டில் ஐஸ் உருகுவதற்குள் கடை விரித்தோம். சாயங்காலம் யாரும் என் வாசலில் வந்து நிற்கவில்லை. வந்தவர்கள் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள்.

உன் ஆதி

*

சென்னை,
ஆகஸ்ட் 22

அன்புள்ள ஆதி அக்கா,

உட்கார்ந்து படியுங்கள்.

நான் எந்த உத்தரவும் போடவில்லை. கூடைக் கோப்பு இன்னும் மீன்வளத் துறையில்தான் இருக்கிறது.

அப்பாசாமி வேண்டாவை உண்மையான துணை அமைச்சர் என்று நினைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு தடவையாகப் புது அமைச்சர்களை அறிவித்திருக்கிறார்கள். எங்கள் முகம் எங்களுக்கே சரியாகத் தெரியாது. போன வாரம் ஒரு கூட்டத்தில் நானே ஒரு துணை அமைச்சரை போட்டோ எடுக்க வந்தவர் என்று நினைத்து, தள்ளி நிற்கச் சொன்னேன்.

ஆனால் இது விளையாட்டு இல்லை அக்கா. அரசுப் பதவியில் இருப்பதாகச் சொல்லி வேலை வாங்குவது குற்றம். வேண்டாவின் மேல் வழக்கு வரலாம். அப்பாசாமியின் வேலை போகலாம். என் தொகுதியில், என் துறையில், என் சிநேகிதி செய்தது என்று தெரிந்தால் நான் ஒரு நாள்கூட இந்த அறையில் இருக்க முடியாது. நான் போனால் கூடைக் கோப்பும் அங்கேயே நின்றுவிடும்.

கடிதம் கண்டவுடன் கூடைகளை இறக்கிவிடுங்கள். வேண்டாவின் பதவியை எடுத்துவிடுங்கள். எழுதும்போதே எனக்கு மனசு கேட்கவில்லை. இருந்தாலும் செய்யுங்கள்.

ரெபேக்காள்

*

சின்னாண்டிக்குப்பம்,
ஆகஸ்ட் 25

ரெபேக்கா,

படித்தேன். உட்கார்ந்துதான் படித்தேன். எழுந்திருக்க நேரமாயிற்று.

பதவியை எடுக்க முடியாது. கரையில் கூவியாகிவிட்டது. ஆடி வரை அவள்தான் பஸ் துணை அமைச்சர். நாங்கள் பொய்யும் சொல்லவில்லை. எந்த அரசாங்கத்துக்குத் துணை அமைச்சர் என்று அவர் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

இப்படி நான் வாதாடிக்கொண்டிருக்கும்போதே வேண்டா எழுந்து செருப்பை மாட்டினாள். "எங்கடி போற?" என்றேன். "நைனா மாதிரி எந்திரிச்சி நின்னு டீ குடுத்தாரு அந்த மனுசன். அவரு வேலைக்கு வேட்டு வெச்சிட்டு நான் மீன் விக்கணுமா?" என்றாள். நானும் கூடவே போனேன்.

டிப்போவில் அவளே சொன்னாள். "சார், நான் எங்க குப்பத்து மீன்காரிங்களுக்குத்தான் துணை அமைச்சரு. கோட்டைல இருக்குற அமைச்சரு இல்ல. நீங்க தப்பா நெனச்சிட்டீங்க, எங்களுக்கும் தெரியல. சீட்ட திரும்ப மாட்டிக்கங்க."

அப்பாசாமி நாற்காலியில் சாய்ந்தார். மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"யம்மா, நெசமான அமைச்சருங்க எத்தினியோ பேர் வந்து போயிருக்காங்க. பஸ்ஸுக்குள்ள இன்னா வேணும்னு இவ்ளோ கரெக்டா ஒருத்தரும் சொன்னதில்ல. மொத நாள் பயத்துல செஞ்சேன். இப்ப பஸ்ஸையும் பாத்துட்டேன். ஒரு கம்ப்ளைண்ட்டு வரல. நான் கழட்ட மாட்டேன்" என்றார். ஆனால் செப்டம்பர் முதல் தேதி சோதனைக்கு மேலதிகாரிகள் வருகிறார்களாம். அதற்குள் கையில் ஒரு காகிதம் வேண்டுமாம். இல்லாவிட்டால் சீட்டைக் கழற்றியதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும்.

கூடையை நான் இறக்க மாட்டேன். நீ வந்து பஸ்ஸைப் பார். பார்த்துவிட்டு உன் கையாலேயே இறக்கு.

ஆதி

*

சென்னை,
ஆகஸ்ட் 31

அன்புள்ள ஆதி அக்கா,

வந்து பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை மாமல்லபுரத்தில் ஏறினேன். முகக்கவசம் போட்டு, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வாசுதேவன் எனக்குப் பின்னால், என்னைத் தெரியாதவர்போல் நடித்துக்கொண்டு, என்னைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கார்த்தியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். "அண்ணாத்த, மெதுவா ஓட்டச் சொல்லு. எறா உள்ள டான்ஸ் ஆடிகினு கீது" என்றீர்கள். "டிக்கெட் எடுக்காம ஆடுதா?" என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது. திருக்கழுக்குன்றத்தில் ஒரு டீச்சரம்மா ஏறி, ஜன்னல் பக்கம் இடம் இருந்தும் பின்னால் வந்து நின்று, காரப்பொடி மீன் இருக்கிறதா என்று கேட்டார். ஷீலா நனைந்த ரப்பரைத் துணியால் துடைத்தபடியே வந்தாள். எனக்கு நாற்றம் எதுவும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

சென்னை திரும்பியதும் நேராகத் துறை அமைச்சரின் அறைக்குப் போனேன். ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ராஜினாமாக் கடிதம் கைப்பையில் இருந்தது. டீயும் பிஸ்கட்டும் வந்த இடத்தில் அவருக்குப் புரையேறியது. "நான் சொல்லி ஒரு சீட் கழற்ற ஆறு மாசம் ஆகுதும்மா. அந்தம்மாவுக்கு ஒரே நாள்ல நடந்திருக்கு. அவங்களை நமக்கு இரவல் தருவாங்களா?" என்றார். பிறகு முகம் மாறியது. "சிரிச்சாச்சு. ஆனா மேலாளர் கையில காகிதம் இல்லைன்னா அவருக்கு மெமோ நிச்சயம். கூடைக் கோப்பு வர்றதுக்குள்ள அவர் ரிட்டையர் ஆயிடுவார். இன்னா செய்யப் போறீங்க?" என்றார். சென்னைக்காரர், அவசரத்தில் அவருக்கும் 'இன்னா'தான் வருகிறது.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கூடை என் பொறுப்பு இல்லை. ஆனால் இருக்கைகள் என் பொறுப்பு. "பயணிகள் நிற்க வசதியாக, இந்தத் தடத்தில் காலை முதல் பஸ்ஸில் கடைசி வரிசை இருக்கையை எடுத்துவிடலாம் என்று நான் உத்தரவு போடலாம். காலி இடத்தில் அவங்க என்ன வெச்சுக்கிறாங்கன்னு அப்புறம் கோப்பு சொல்லட்டும்" என்றேன். அவர் மேசையைத் தட்டினார். "துணை அமைச்சர் எதுக்குன்னு பேப்பர்ல கேட்டாங்களே, அவங்களுக்கு இதைச் சொல்லணும். போய்க் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

போட்டேன் அக்கா. இந்தப் பதவியில் என் முதல் கையெழுத்து. வாசுதேவன் பேனாவைத் திறந்து கொடுத்தார். தடுப்பூசி அட்டைகளில் எத்தனையோ கையெழுத்துப் போட்ட கைதான். அன்றைக்கு வேறு தாளில் இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். உத்தரவின் நகலோடு இன்று காலையே வாசுதேவன் அப்பாசாமியிடம் போயிருக்கிறார். ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

இனி வேண்டா எங்கே போனாலும், "குப்பத்துத் துணை அமைச்சர்" என்று முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். தயவுசெய்து.

அன்புடன்,
ரெபேக்காள்

*

சின்னாண்டிக்குப்பம்,
செப்டம்பர் 6

ரெபேக்கா,

உன்னை வெள்ளிக்கிழமையே பார்த்துவிட்டேன். நீ பஸ் ஏறும் விதம் எனக்குத் தெரியாதா? தோளில் தடுப்பூசிப் பெட்டி இல்லாவிட்டாலும் இடதுதோளைச் சாய்த்துக்கொண்டுதான் ஏறுகிறாய். கூப்பிட்டால் மந்திரியாகிவிடுவாய், கொஞ்ச நேரம் நர்சம்மாவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எறாவைப் பற்றிச் சத்தமாகப் பேசியதும் உனக்காகத்தான். உன் பின்னால் இருந்தவருக்கு மயக்கம் வரப்போகிறது என்று ஷீலா பயந்தாள். அவர்தான் வாசுதேவன் என்று இப்போதுதான் தெரிகிறது. அவருக்கு மோர் கொடு.

சோதனை முடிந்தது. அதிகாரிகள் காகிதத்தைப் பார்த்தார்கள், பஸ்ஸைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அப்பாசாமி எனக்குப் போன் செய்து, "அமைச்சர்கிட்ட சொல்லிடுங்க" என்றார். எந்த அமைச்சரிடம் என்று கேட்டேன். "ரெண்டு பேர்கிட்டயும்" என்றார்.

இங்கே இப்போது வேறு தொல்லை. பக்கத்துக் குப்பங்களிலிருந்து பெண்கள் வருகிறார்கள். எங்களுக்கும் ஒரு பஸ் துணை அமைச்சர் வேண்டும், எப்படிப் போடுவது என்று கேட்கிறார்கள். திருப்போரூரிலிருந்து கீரை விற்கும் பெண்களும் வந்தார்கள். கீரைக்கட்டும் கூடையில்தானே போகிறது என்கிறார்கள். நியாயம்தான். வேண்டா காலையில் மீன் விற்கிறாள், மத்தியானம் இவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். நேற்றுச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "ஒண்டி ஆளா முடியல. எனுக்குக் கீழ ரெண்டு துணை துணை அமைச்சரு போடுங்க" என்று கேட்டாள். இத்தனை அமைச்சர் எதற்கு என்று அந்த ஏசி பஸ் அரசு கத்தினான். பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் காத்தவராயன் கரையில் கூவினார். தொண்டை கட்டியிருக்கிறது. அவருக்கும் ஒரு துணை வேண்டுமாம்.

என்னைத் தலைவியாகவே வைத்துக்கொண்டார்கள். போட்டி இல்லை.

வருகிற சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வா. முகக்கவசம் வேண்டாம், முக்காடு வேண்டாம். பெண்கள் உன்னை நடுவில் விட்டுக் கூட்டிப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். வஞ்சரம் ஒன்று எடுத்து வைக்கிறேன், இந்தத் தடவை டீக்கடைக்குப் போகாது. ஆனால் எங்களோடு பின்னாலேயேதான் வர வேண்டும், சொல்லிவிட்டேன். உட்கார இடம் கேட்காதே. சீட்டைக் கழற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நீதான்.

ஆதி